ஸ்டூவர்ட் ஹெட்லம்

ஸ்டூவர்ட் டக்வொர்த் ஹெட்லம் (1847–1924) ஆங்கிலிக்கன் சபை எனப்படும் இங்கிலாந்துத் திருச்சபையின் குரு. லண்டனின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த உழைப்பாளர் குடும்பங்களின் கல்விக்காகவும் உரிமைகளுக்காகவும் அரை நூற்றாண்டு பாடுபட்டவர். அந்நகரின் உள்ளாட்சி அவைகளில் நெடுங்காலம் உறுப்பினராக இருந்தவர். உழைப்பின் பயன் உழைப்போருக்கு நியாயமாகச் சேர வேண்டும் என்பதைக் கிறித்தவ நம்பிக்கையின் நேர்விளைவாகவே கொள்ளும் கிறித்தவ சோசலிசம், 1850களில் ஓய்ந்துபோன பின் இங்கிலாந்தில் மீண்டும் உயிர்பெற்றதில் இவருடைய பங்கு முதன்மையானது.

லிவர்பூலை அடுத்த வேவர்ட்ரீயில் 1847 ஜனவரி 12 அன்று, காப்பீட்டுத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த ஹெட்லம், ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்றார். கேம்பிரிட்ஜில் அறவியல் பேராசிரியராக இருந்த எஃப். டி. மாரிஸ் என்ற இறையியலாளரின் போதனை இவரை ஆட்கொண்டது. நரகத்தின் முடிவற்ற தண்டனையை ஐயுற்றதற்காக 1853இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பதவியை இழந்திருந்த மாரிஸ், மனிதர் அனைவரும் ஏற்கெனவே கடவுளின் குடும்பத்தினர் என்று கற்பித்தார். ஹெட்லம் அதை அப்படியே அரசியலுக்குக் கொண்டுவந்தார். குழந்தை கடவுளின் பிள்ளை என்பதை அறிவிப்பதே ஞானஸ்நானம் என்றால், சேரியில் பிறக்கும் குழந்தைக்கும் மாளிகையில் பிறக்கும் குழந்தைக்கும் வேறுபாடு காட்டும் சமூக ஏற்பாடு அந்தச் சடங்கையே பொய்யாக்குகிறது. ஒரே அப்பத்தைப் பகிரும் திருவிருந்தில் கலந்துகொள்பவர், வெளியே வந்ததும் பிறர் உழைப்பில் வாழ்வது முறையாகாது. இவருடைய போராட்டங்கள் எல்லாம் இந்த இரண்டு முடிவுகளிலிருந்தே கிளைத்தவை. சமயப் பணியை ஒதுக்கிவிட்டு அரசியலுக்குப் போனவராக இவரைக் காண்பது பிழை.

1870இல் திருநிலைப்படுத்தப்பட்டு, நாடகக் கொட்டகைகள் நிறைந்த டிரூரி லேனில் உதவிக் குருவாக, அதாவது பங்குத்தந்தைக்குத் துணைநிற்கும் இளங்குருவாக, இவர் பணி தொடங்கினார். திருவிருந்துக்கு வந்த நடனப் பெண்கள் சிலர், தங்கள் தொழில் தெரிந்தால் சபையார் வெறுப்பார்கள் என்று அஞ்சி அதை மறைத்தே வந்தனர் என்பது இவர் மனத்தைத் தைத்தது. 1873இல் பெத்னல் கிரீன் தூய மத்தேயு ஆலயத்துக்கு மாறிய இவர், 1877இல் கிறித்தவ சோசலிசத்தைப் பரப்பிய தூய மத்தேயு கழகத்தை நிறுவினார். அதே ஆண்டு அக்டோபரில் நாடக, இசை அரங்குகளை ஆதரித்துச் சொற்பொழிவாற்றினார். லண்டன் பேராயர் ஜான் ஜாக்சன் சீற்றமடைந்தார். 1878இல் ஹெட்லம் தம் பணியை இழந்தார். ஆனாலும் பின்வாங்காமல் 1879இல் திருச்சபை–நாடகமேடைக் கழகத்தைத் தொடங்கிக் குருமாரையும் கலைஞரையும் ஒரே அவையில் அமர்த்தினார். பிறகு கிடைத்த பணிகளும் நிலைக்கவில்லை. 1882க்குப் பின் எந்த ஆலயத்திலும் இவருக்கு நிலையான பொறுப்பு அமையவில்லை.

பதவி இல்லாத அந்த ஆண்டுகளில்தான் இவர் குரல் ஓங்கியது. 1884 முதல் 1895 வரை ‘சர்ச் ரிஃபார்மர்’ இதழை நடத்தினார். நிலத்தின் மதிப்பு உயர்வது சமூகத்தின் உழைப்பால் என்பதால், அந்த உயர்வை வரியாகப் பெற்றுப் பொதுநலனுக்குச் செலவிட வேண்டும் என்ற அமெரிக்கப் பொருளியல் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜின் கொள்கையை அதில் விடாது பரப்பினார். சோசலிசத்தைப் படிப்படியாகக் கொண்டுவர முயன்ற ஃபேபியன் சங்கத்தில் 1886இல் சேர்ந்தார். 1887 நவம்பரில் டிரஃபால்கர் சதுக்கப் பகுதியில் மக்கள் கூட்டத்தைக் கலைத்த போலீஸ் குதிரையால் மிதிபட்டு, பின்னர் உயிரிழந்த ஆல்ஃபிரட் லின்னெல் என்பவரின் உடல் டிசம்பர் 18 அன்று பெருந்திரளான ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டபோது, அந்தி இருளில் விளக்கு வெளிச்சத்தில் அடக்க ஆராதனையை நடத்தியவர் ஹெட்லம். கல்லறையருகே கவிஞர் வில்லியம் மாரிஸ் உரையாற்றினார். 1895இல், ஆண்களுடனான உறவுக்காக வழக்குத் தொடரப்பட்ட, தமக்கு அதிகம் பழக்கமில்லாத எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டுக்கு, விசாரணை நேர்மையாக நடக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகப் பிணை நின்றவர்களில் ஒருவர் இவர். அதற்காக நண்பர்கள் பலரை இழந்தார். 1897 மே 19 அன்று சிறையிலிருந்து வந்த வைல்ட் முதலில் சென்றதும் இவர் வீட்டுக்கே.

ஆயினும் இவர் செய்தவற்றுள் மக்கள் வாழ்வில் ஆழமாகப் பதிந்தது கல்விப் பணியாகும். 1870ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த லண்டன் பள்ளி வாரியம், வரிப்பணத்தில் தொடக்கப் பள்ளிகளை நடத்திய, தேர்ந்தெடுக்கப்பட்ட அவை. அதன் தேர்தலில் பெண்களும் நிற்க முடிந்தது. ஒவ்வொரு வாக்காளரும் தமக்குரிய வாக்குகள் அனைத்தையும் ஒருவருக்கே அளிக்கலாம் என்பதால், சிறுபான்மைக் கருத்துடையோருக்கும் இடம் கிடைத்தது. 1888இல் ஹேக்னி தொகுதியிலிருந்து ஹெட்லமும், டவர் ஹாம்லெட்ஸிலிருந்து பின்னாளில் சென்னை அடையாற்றில் குடியேறிய அன்னி பெசன்ட்டும் வென்றனர். கட்டணமில்லாக் கல்வி, வாரியத்தின் ஒப்பந்தக்காரர்கள் தொழிற்சங்கம் ஏற்ற கூலியைத் தர வேண்டும் என்ற விதி ஆகியவற்றுக்காக இருவரும் வாதாடினர். வாரியப் பள்ளிகளில் சமயக் கோட்பாட்டைப் புகுத்த 1894இல் சிலர் முயன்றபோது இந்தக் குரு அதை எதிர்த்தார்; சமயம் கற்பிப்பது திருச்சபையின் வேலை, அதை அரசுச் சம்பளம் பெறும் ஆசிரியர் தலையில் கட்டலாகாது என்பது இவர் நிலை.

1897 முதல் மாலைநேரப் பள்ளிகளுக்கான குழுவின் தலைவராக, பகலில் தொழிற்சாலையிலும் கடையிலும் உழைத்த இளைஞரும் பெரியவரும் பயிலும் வகுப்புகளைக் கட்டணமின்றித் திறந்துவிட்டார். ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் அங்கே கொண்டுசேர்த்தார். தொடக்கக் கல்விக்கான வரியை முதியோர் கல்விக்குச் செலவிட்டது செல்லாது என்று கணக்குத் தணிக்கையாளர் காக்கர்டன் கொடுத்த தடையை 1901இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. 1904இல் வாரியமே கலைக்கப்பட்டது. உழைப்பாளர் கல்விக்கு அது பேரிழப்பு.

1898இல் பேராயர் மாண்டல் கிரெய்ட்டன் இவருக்கு மீண்டும் குருப்பணி உரிமம் அளித்தார். 1907இல் பெத்னல் கிரீன் மக்கள், முற்போக்குக் கட்சியின் சார்பில் நின்ற இவரை லண்டன் மாவட்ட மன்றத்துக்கு அனுப்பினர். 1924 நவம்பர் 18 அன்று இறக்கும்வரை அத்தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார்.