விளையாட்டுத் துவக்கும் ஒரு ரவைக்கூடும்

நியூசிலாந்தின் சட்டத்தில் 1992 முதல் 2019 வரை ஒரு விசித்திரமான எல்லைக்கோடு இருந்தது. அரைத்தானியங்கித் துவக்கு அக்கோட்டின் ஒரு புறத்தில் நின்றால் அது வேட்டைக்காரரின் கருவி. மறுபுறம் சென்றால் இராணுவப் பாணி ஆயுதம். கோட்டைக் கடப்பதற்குத் துவக்கின் பொறிமுறையில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. சிறிய ரவைக்கூட்டைக் கழற்றிப் பெரியதைக் கொளுவினாலே அது மறுபுறத்துக்குப் போய்விடும். ஒரு நாட்டின் ஆயுதச் சட்டம் ஏறத்தாழ 27 ஆண்டுகள் இந்தக் கொளுவியில் தொங்கிக்கொண்டிருந்த கதையே இது.

அந்நாட்டில் துவக்கு ஏன் சாதாரணப் பொருளாயிற்று என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். வௌவால்களைத் தவிர நியூசிலாந்துக்கென்று சொந்தமான தரைவாழ் பாலூட்டிகள் இல்லை. மான், முயல், ஆடு என்பன ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்து விட்டவை. கொன்று தின்னும் விலங்கு எதுவும் இல்லாத காடுகளில் அவை பெருகின, மலைச்சரிவுகளை மொட்டையாக்கின. 1930 இலிருந்து அரசாங்கமே சம்பளம் கொடுத்து மான் சுடுவோரை அமர்த்தியது. அவ்வாறு காட்டில் வாழ்ந்த ஒருவரான பரி கிறம்ப் தமது அனுபவங்களை வைத்து எழுதி 1960 இல் வெளிவந்த நூல் அந்நாட்டின் பெருவிற்பனை நூல்களுள் ஒன்று. பின்னர் ஹெலிகொப்டரிலிருந்து மான் சுட்டு இறைச்சி ஏற்றுமதி செய்யும் தொழில் வந்தது. அசையும் ஊர்தியிலிருந்து ஓடும் விலங்கைச் சுடுபவருக்கு, ஒவ்வொரு வேட்டுக்கும் கையால் பூட்டை இழுக்க வேண்டிய துவக்கு உதவாது. அரைத்தானியங்கி அங்கே பகட்டுக்காக நுழையவில்லை, வேலைக்காக நுழைந்தது.

அரைத்தானியங்கி என்பது விசையை ஒருமுறை அழுத்த ஒரு ரவையை மட்டும் சுட்டு, அந்த வெடிப்பின் விசையைக் கொண்டே வெற்றுக் கோதை வெளியே தள்ளி அடுத்த ரவையை ஏற்றிக்கொள்வது. வசதிக்கேற்ற பராமரிப்பையும் அது கேட்கும். வெடிமருந்தின் கரி உள்ளே படியும். துடைத்து எண்ணெயிடாவிட்டால் இயக்கம் சிக்கிக்கொள்ளும். ஆகவே உரிமையாளரே எளிதில் பிரித்துத் துப்புரவாக்கி மீண்டும் பூட்டக்கூடியதாக அதனை அமைத்தார்கள். அமெரிக்கப் பொறியியலாளர் யூஜின் ஸ்ரோனர் 1950 களில் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்த துவக்கும், அதனைப் பின்பற்றிக் கோல்ட் நிறுவனம் 1964 முதல் பொதுமக்களுக்கு விற்ற துவக்கும் இவ்வகையின் உச்சம். பராமரிப்புக்கு இலகுவானது மாற்றத்துக்கும் இலகுவானது என்பதே இங்குள்ள சிக்கல். பகுதி பகுதியாகக் கழற்றக்கூடிய ஒரு பொருளைச் சட்டம் முழுப்பொருளாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

நியூசிலாந்தில் 1920 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துவக்குகள் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட்டன. காலப்போக்கில் கடதாசிப் பதிவேடுகள் உண்மை நிலையைக் காட்டாது போயின. பொலிஸாருக்கு அவை பெருஞ்சுமையாயின. 1983 இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தபோது நீண்ட துவக்குகளின் பதிவு கைவிடப்பட்டது. துவக்கைக் கணக்கிடாதே, வைத்திருக்கும் மனிதனைச் சோதித்து அனுமதிப்பத்திரம் கொடு என்பது புதிய கொள்கை. கொள்கையளவில் இதில் நியாயம் உண்டு. ஆயினும் மனிதனைச் சோதிப்பதில் தவறினால் அடுத்த தடுப்பு எதுவும் இல்லை.

1990 நவம்பர் 13 ஆம் திகதி, டனீடின் நகருக்கு அண்மையிலுள்ள அரமோவானா என்ற சிறு கடற்கரைக் குடியிருப்பில், அனுமதிப்பத்திரம் பெற்றிருந்த ஒருவர் அரைத்தானியங்கித் துவக்கால் 13 பேரைக் கொன்றார். மாண்டவர்களில் அவரைத் தடுக்கச் சென்ற பொலிஸ் அதிகாரி ஸ்ருவேர்ட் கத்ரியும் ஒருவர். அதன் விளைவே 1992 ஆம் ஆண்டுத் திருத்தம். அரைத்தானியங்கிகளை முற்றாகத் தடைசெய்யாமல் அவற்றை இரண்டாகப் பிரித்தது அது. மடிக்கக்கூடிய தோட்கட்டை, முனைக்கத்தி பூட்டும் கொளுவி, வாய்முனையில் தீச்சுவாலையை அடக்கும் குழல், இராணுவப் பாணியில் தனித்து நிற்கும் கைப்பிடி, ஏழு ரவைகளுக்கு மேல் கொள்ளும் ரவைக்கூடு (.22 வகைக்குப் பதினைந்து): இவற்றுள் ஒன்று இருந்தாலும் அது ‘ஈ’ பிரிவு, விசேட அனுமதியும் தனிப்பட்ட பதிவும் வேண்டும். எதுவும் இல்லையெனில் அது விளையாட்டு அமைப்பிலுள்ள துவக்கு, ‘ஏ’ பிரிவு. சாதாரண அனுமதிப்பத்திரமே போதும். எத்தனை வாங்கினாலும் எவரும் எண்ணமாட்டார்கள்.

எல்லையை உறுப்புகளால் வகுத்தால் வழக்கும் உறுப்புகளைப் பற்றியே எழும். 2009 இல் பொலிஸார், அதுவரை விளையாட்டுத் துவக்காக ஏற்கப்பட்டிருந்த சிலவற்றை இனி இராணுவப் பாணியாகவே கருதுவோம் என்று அறிவித்தனர். கட்டைவிரலை நுழைப்பதற்குத் துளையிட்ட கட்டையைக் கொண்ட துவக்குகள் அவை. துளையிட்ட கட்டையின் பிடி தனித்து நிற்கும் பிடியா, அல்லது கட்டையோடு ஒட்டிய பிடியா? உரிமையாளர் ஒருவர் வழக்காடினார். 2010 இல் மேல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பாராளுமன்றம் 2012 இல் மீண்டும் கூடி வரைவிலக்கணத்தைத் திருத்தியது. கற்றறிந்த சட்டத்தரணிகள் கட்டைவிரல் எங்கே தங்குகிறது என்று வாதாடிய அந்த ஆண்டுகள் முழுவதிலும், பெரிய ரவைக்கூடு கடையில் தாராளமாக விற்பனையாகிக்கொண்டிருந்தது. அதை வாங்குவதற்கு அனுமதிப்பத்திரமே தேவையில்லை! ‘ஏ’ பிரிவுத் துவக்கில் அதனைப் பொருத்துவது குற்றம். வாங்கி வைத்திருப்பது குற்றமன்று. நடுவில் நின்றது உரிமையாளரின் நேர்மை மட்டுமே.

எச்சரிக்கைகள் இல்லாமலில்லை. 1997 இல் சேர் தோமஸ் தோர்ப் தமது மீளாய்வு அறிக்கையில் எல்லாத் துவக்குகளும் மீண்டும் பதிவு செய்யப்பட வேண்டும் என்றார். அது நிறைவேறவில்லை. 2017 இல் பாராளுமன்றக் குழுவொன்று 20 பரிந்துரைகளை முன்வைத்தது. அரசாங்கம் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை. துவக்கு உரிமையாளர் சங்கங்கள் நன்கு ஒழுங்கமைந்தவை. கடிதம் எழுதுவதிலும் சாட்சியம் அளிப்பதிலும் சளைக்காதவை. எதிர்த்தரப்பில் அத்தகைய ஒழுங்கு இருக்கவில்லை.

அதே 2017 நவம்பரில், டனீடினில் குடியேறியிருந்த அவுஸ்திரேலியர் ஒருவருக்குச் சாதாரண அனுமதிப்பத்திரம் கிடைத்தது. நெருங்கிய உறவினர் எவரையும் விசாரிக்காமல், இணைய விளையாட்டால் அறிமுகமான நண்பர் ஒருவரையும் அந்நண்பரின் பெற்றோரில் ஒருவரையும் சாட்சிகளாக ஏற்றுக்கொண்டனர் பொலிஸார். 2018 ஜூலையில் துவக்கைத் துப்புரவு செய்யும்போது காயமுற்று அவர் மருத்துவமனைக்குச் சென்றார். அத்தகைய காயத்தைப் பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டுமென்ற கடப்பாடு மருத்துவர்களுக்கு இருக்கவில்லை. 2019 மார்ச் 15 வெள்ளிக்கிழமை, கிறைஸ்ட்சேர்ச் நகரின் இரு பள்ளிவாசல்களில் தொழுகைக்கு வந்திருந்த 51 பேரை அவர் கொன்றார். பாவித்தவற்றில் ‘ஏ’ பிரிவில் சட்டப்படி வாங்கிய அரைத்தானியங்கிகளும் இருந்தன. மாற்றம் ஒன்றே: பெரிய ரவைக்கூடு.

ஆறாவது நாள், மார்ச் 21 இல், பிரதமர் ஜெசிந்தா ஆர்டேன் தடையை அறிவித்தார். ஏப்ரல் 10 இல் பாராளுமன்றம் 119 வாக்குகளுக்கு 1 என்ற கணக்கில் சட்டத்தை நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த டேவிட் சீமோர், சட்டமூலம் அவசரமாக எடுத்துக்கொள்ளப்படுவதை ஆட்சேபிக்க எண்ணியிருந்தும், அந்நேரம் சபைக்கு வெளியே பத்திரிகையாளரிடம் பேசிக்கொண்டிருந்தமையால் வாய்ப்பைத் தவறவிட்டார். எமது தொழில் இப்படியும் சில வேளைகளில் வரலாற்றில் இடம்பெறுகிறது. இலங்கைப் பத்திரிகைகள் இச்சட்டத்தின் பின்கதையைத் தொடரவில்லை. ஏப்ரல் 21 இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் எங்களை எங்கள் சவப்பெட்டிகளின் அருகே நிறுத்திவிட்டன.

புதிய சட்டம் உறுப்புகளின் பட்டியலை விட்டுப் பொறிமுறையைப் பிடித்தது. சிறு .22 துவக்குகள், ஐந்து ரவைக்கு மேற்படாத சில வேட்டைத் துவக்குகள் ஆகியவற்றைத் தவிர அரைத்தானியங்கிகள் எல்லாம் தடைசெய்யப்பட்டன. ரவைக்கூடுகளும் உதிரிப்பாகங்களும் கூடவே. முதல் மீள்கொள்வனவு ஜூலை 13 இல் கிறைஸ்ட்சேர்ச்சின் றிக்கார்ட்டன் குதிரைப்பந்தயத் திடலில் நடைபெற்றது. அன்று 224 துவக்குகள் ஒப்படைக்கப்பட்டன. புதிதுபோல் பேணப்பட்டதற்கு அடிப்படை விலையில் 95 வீதம், பாவித்ததற்கு 70, பழுதானதற்கு 25. ஆண்டுக்கணக்காகக் கரி துடைத்து எண்ணெயிட்டவருக்குக் கூடுதல் பணம் கிடைத்தது. அவர் கண்முன்னேயே நீரியல் அழுத்தி குழலை நசுக்கியது. மேலதிகமாகத் தாம் செலவிட்டுச் செய்த மாற்றங்களுக்கு ஈடு போதாதென்று பலர் மனம் குமைந்தனர். எவருக்கும் தீங்கு செய்யாத, முயலும் ஆடும் சுட்டுத் தோட்டத்தைக் காத்த மனிதர்கள் அவர்கள். அவர்களுடைய கோபத்தை ஏளனம் செய்வது எனக்கு உடன்பாடன்று. ஆயினும் அவர்களுக்காகக் குரல்கொடுத்த சங்கங்கள் ரவைக்கூட்டு விற்பனை எனும் அந்த ஓட்டையை முன்னரே அடைக்க ஒத்துழைத்திருந்தால், இத்தனை பெரிய விலையை அவர்கள் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 20 இல் திட்டம் முடிந்தபோது 56,000 இற்கும் அதிகமான துவக்குகள் சேர்ந்திருந்தன. அது வெற்றியா என்று கேட்டால் விடை சொல்ல வழியில்லை. நாட்டில் எத்தனை இருந்தன என்பதற்கு மதிப்பீடுகள் ஐம்பதாயிரம் சொச்சத்திலிருந்து ஒன்றரை இலட்சத்துக்கும் மேல்வரை சென்றன. எண்ணி வைத்த ஏடு 1983 இல் மூடப்பட்டிருந்தது. 2020 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மீண்டும் திறக்கப் பணித்தது. 2023 ஜூன் 24 இல் புதிய பதிவேடு இயங்கத் தொடங்கியது. அனுமதிப்பத்திரம் உள்ளோர் தம் துவக்குகளைப் பதிவதற்கு அப்போது கொடுக்கப்பட்ட அவகாசம் ஐந்தாண்டுகள்.