பாதி ஞாபகம்

அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் என்றால் தமிழ்நாட்டில் ஒரு விஷயம்தான் நினைவுக்கு வருகிறது. வகுப்புவாரி அரசாணையை 1950இல் சென்னை உயர் நீதிமன்றமும் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் செல்லாது என்றன. பெரியார் கிளர்ச்சி செய்தார். டில்லி சட்டத்தைத் திருத்தியது. மேடைகளில் இதைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். அது பொய்யல்ல, ஆனால் பாதி. மறுபாதியும் சென்னையில் தொடங்கியதுதான் என்று பிற்பாடு தீர்ப்புகளைப் படித்தபோது தெரிந்தது. ஏன் எவரும் சொல்லவில்லை என்பதைவிட, நான் ஏன் கேட்கவில்லை என்பதே என்னை உறுத்தியது.

1950 ஜனவரி 26இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. பிப்ரவரி 11இல் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். குடியரசுக்கு வயது அப்போது பதினாறு நாள். மார்ச் 1ஆம் தேதி இரண்டு காரியங்கள் நடந்தன. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வாரப் பத்திரிகை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று சென்னை சர்க்கார் உத்தரவிட்டது. 1947 டிசம்பரிலிருந்து சிறையில் இருந்த ஏ. கே. கோபாலனிடம் தடுப்புக் காவல் சட்டத்தின்படி புதிய உத்தரவு கொடுக்கப்பட்டது. ஒருவரின் உடலுக்கும் இன்னொருவரின் எழுத்துக்கும் ஒரே நாளில் பூட்டு.

இருவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். மே 19இல் கோபாலன் தோற்றார். தன்னைச் சிறைவைத்த காரணத்தைக் கைதி நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்ற ஒரு பிரிவை மட்டும் நீதிபதிகள் தள்ளினார்கள், காவலைத் தள்ளவில்லை. ஒரு வாரம் கழித்து, மே 26இல், தாப்பர் ஜெயித்தார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பதஞ்சலி சாஸ்திரி சென்னைக்காரர். அரசின் பாதுகாப்பைக் குலைப்பது வேறு, பொது ஒழுங்கு கெடுவது வேறு. பேச்சைத் தடுக்க அரசியல் சட்டம் முன்னதற்கே இடம் தருகிறது. பின்னதற்காகப் பத்திரிகையைத் தடுக்க முடியாது என்பது அவர் தர்க்கம். ஃபஸல் அலி மறுத்தார். ஆனால் கோபாலன் வழக்கில் கைதியின் பக்கம் நின்றவர் இதே ஃபஸல் அலி; சர்க்கார் பக்கம் நின்றவர் இதே சாஸ்திரி. மனிதர்களை வீரர்கள், துரோகிகள் என்று அடுக்கிவைக்க விரும்புகிறவர்களுக்கு இது சௌகரியமாக இராது.

ஓராண்டு கழித்து, 1951 மே மாதம், நேரு மசோதாவைக் கொண்டுவந்தார். முதல் பொதுத்தேர்தல்கூட அப்போது நடந்திருக்கவில்லை. ஜூன் 18இல் அது சட்டமாயிற்று. பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்பது அதன் ஒரு ஷரத்து. 'பொது ஒழுங்கு', 'குற்றத்துக்குத் தூண்டுதல்', 'அந்நிய நாடுகளுடன் நட்புறவு' ஆகியவற்றுக்காகவும் பேச்சைக் கட்டுப்படுத்தலாம் என்பது இன்னொன்று. கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற அடைமொழி விவாதங்களுக்குப் பின் சேர்ந்தது. நீதிமன்றம் பிடித்துக்கொள்ள மிச்சமிருந்த கைப்பிடி அதுதான். புதிய வாசகம் தொடக்கத்திலிருந்தே இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்றும் சட்டம் சொல்லிற்று. பதினேழு மாதத்துக்கும் குறைவாக வாழ்ந்த ஒரு சுதந்திரம், பிறக்கவே இல்லை என்று ஆக்கப்பட்டது.

இந்த இரண்டு ஷரத்துகளில் ஒன்றுக்கு மற்றொன்று தேவையில்லை. ஒடுக்கப்பட்டவனுக்குக் கல்லூரியில் இடம் தர, ஒருவன் வாயை அடைக்க வேண்டிய அவசியம் ஏதுமில்லை. ஆனால் கிடைத்ததைக் கொண்டாடும் மும்முரத்தில் போனதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. போனது கம்யூனிஸ்டுகளுடையது என்று நினைத்திருக்கலாம்.

அப்படி இல்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 1957 நவம்பரில் பெரியார் அரசியல் சட்டத்தை எரிக்கும் போராட்டத்தை அறிவித்தபோது, அதற்கென்றே சென்னை சட்டசபை மூன்றாண்டுவரை சிறைவைக்கும் சட்டம் ஒன்றைச் செய்தது. கழகத் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் சிறை போனார்கள். 1963இல் பதினாறாவது திருத்தம், முன்பு விரித்த அதே இடத்தில், நாட்டின் 'இறையாண்மை, ஒருமைப்பாடு' என்ற சொற்களையும் சேர்த்தது. குறி தி.மு.க.வின் பிரிவினைக் கோரிக்கை. 1951இல் எவனுக்கோ திறந்த கதவு பன்னிரண்டு ஆண்டில் நம் வீட்டு வாசலுக்கு வந்திருந்தது. பின்னர் அதே கழகங்கள் ஆட்சிக்கு வந்தன. 'பொது ஒழுங்கு' அவர்கள் மேஜைமேலும் இருந்தது. அதை எடுத்து வெளியே எறிந்தவர் எவரும் இல்லை. ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டு நிற்கிறவனுக்கு யார் ஆட்சியிலும் அந்த இரண்டு சொற்களே பதிலாக வருகின்றன.

தடை உத்தரவுகளைவிட எனக்கு அச்சம் தருவது, அவை நமக்குப் பிடிக்காதவன்மேல் விழும்போது நமக்குள் உண்டாகும் நிம்மதி. முதல் திருத்தத்தைப் பாதியாக ஞாபகம் வைத்திருப்பது அந்த நிம்மதியின் இன்னொரு பெயர்.