அச்சத்தின் வழிநூல்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்குவதற்கு முன்பே மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு கண்ணில் படும். டி. ஆர். சுந்தரம் 1935-இல் நிறுவிய அந்தப் படப்பிடிப்பு நிலையம் இன்று இல்லை, வளைவு எஞ்சியிருக்கிறது. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938) இந்நிறுவனம் எடுத்ததுதான். பி. யு. சின்னப்பா இரட்டை வேடமேற்ற ‘உத்தம புத்திரன்’ 1940-இல் இங்கே உருவாகி, 1958-இல் வேறொரு நிறுவனத்தால் சிவாஜி கணேசனைக் கொண்டு மீண்டும் எடுக்கப்பட்டது. எடுத்த படத்தையே மறுபடி எடுப்பது நேற்று முளைத்த வழக்கமன்று.

தமிழ் படித்தவனுக்கு இதில் இழிவு ஏதும் தோன்றாது. முதல்நூல், வழிநூல் என்ற பாகுபாட்டைத் தொல்காப்பியமே பேசுகிறது. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வழிநூலுக்கு நான்கு வகைகளும் உண்டு. நன்னூல் ஒரு படி மேலே சென்று, வழிநூல் முன்னோர் முடிபோடு ஒத்துப்போவதுடன், பின்னோன் தான் வேண்டும் வேறுபாட்டையும் சொல்லவேண்டும் என்கிறது. ஆகவே, பேய்ப்படங்களின் மறுவாக்கத்தைப் பற்றி நாம் கேட்கவேண்டியது, ‘ஏன் மறுபடி எடுத்தார்கள்?’ என்பதன்று, ‘புதிதாக எதை வேண்டினார்கள்?’ என்பதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், மாணவர்களோடு சேர்வராயன் மலையில் ஒரு பழைய விடுதியில் தங்கியிருந்தேன். பூட்டிக் கிடந்த ஓர் அறையைப் பற்றிக் காவலாளியிடம் கேட்டோம். “அதை நாங்க தொறக்கிறதில்லீங்க ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அன்றிரவு யாரும் சரியாக உறங்கவில்லை. மறுநாள் இரவு மாணவன் ஒருவன் அதே அறைக்கு ஒரு வெள்ளைக்காரத் துரையையும், இறந்துபோன அவர் மனைவியையும், கொலுசொலியையும் சேர்த்து அபிநயத்தோடு கதை சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். காவலாளி சொன்ன ஒற்றை வரியை அவன் விரித்துவிட்டான். விரித்த இடத்தில் அச்சம் தங்கவில்லை.

அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கைச் சொல்கிறார். பின்னைய மூன்றும் கண்ணுக்குத் தெரிபவை. அணங்கு மட்டும் வருத்துமே தவிர, எளிதில் வடிவம் காட்டாது. கையில் காசில்லாத இயக்குநருக்கும் வடிவம் காட்ட வழியில்லை. அவருடைய வறுமையும் அணங்கின் இயல்பும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன.

கார்த்திக் சுப்புராஜின் முதல் படமான ‘பீட்சா’ (2012) இதற்கு நல்ல சான்று. குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம். இருண்ட வீடு, அதற்குள் அகப்பட்டுக்கொண்ட ஒருவன், அவன் கையில் ஒரு டார்ச்லைட். படத்தின் பெரும்பகுதி இவ்வளவுதான். வெளிச்சம் படாத மூலையை நாமே நிரப்பிக்கொள்கிறோம். நாம் கண்டு நடுங்கியது அவன் கட்டிச் சொன்ன கதை என்று முடிவில் தெரியவரும்போது, சொல்லால் மட்டுமே பேயை எழுப்பமுடியும் என்பதையும் படம் மெய்ப்பித்துவிடுகிறது. 2014-இல் இதே பெயரில் வந்த இந்தி மறுவாக்கம் முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்டது. தமிழ்ப்படம் பெற்ற வெற்றி அதற்குக் கிட்டவில்லை. மறைந்திருக்கவேண்டியதை நம் முகத்தருகே நீட்டும் தொழில்நுட்பம் இந்தக் கதைக்கு எப்படி உதவும்?

‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) கதை இன்னும் சிக்கலானது. மது முட்டம் எழுதி, ஃபாசில் இயக்கிய அம்மலையாளப் படம் ஷோபனாவுக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. பி. வாசு அதைக் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாகவும் (2004), தமிழில் ‘சந்திரமுகி’யாகவும் (2005) எடுத்தார். சந்திரமுகி சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களைக் கடந்து ஓடியது. ஆயினும் மலையாளத்தில் மோகன்லாலின் மருத்துவர் ஏறக்குறையப் பாதிப் படம் கடந்த பின்னரே வருகிறார்; அதுவரை அந்த வீடும் கங்கா என்ற பெண்ணும்தான் நம் கவனத்தில் இருக்கிறார்கள். தமிழில் தொடக்கத்திலிருந்தே ரஜினிகாந்த் இருக்கிறார். காப்பதற்கு ஒருவர் முன்கூட்டியே வந்துவிட்டால், அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? ஜோதிகா குறைவின்றி நடித்தார். எனினும் வாசு வேண்டிய வேறுபாடு நாயகனுக்கானது. கங்காவின் தனிமை அதற்கு விலையாயிற்று. என் மாணவர்களுக்குச் சந்திரமுகியின் வசனங்கள் மனப்பாடம். மலையாள மூலத்தைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. வழிநூல் முதல்நூலை மறக்கச் செய்வதுதான் எனக்கு உண்மையில் வருத்தம் தருவது.

எல்லா மறுவாக்கமும் தோற்றே தீரவேண்டும் என்பதில்லை. ஜார்ஜ் ரொமேரோ 1968-இல் சுமார் 1,14,000 டாலரில் கறுப்பு வெள்ளையில் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தை, 1990-இல் அவரே திரைக்கதை எழுத, டாம் சாவினி வண்ணத்தில் மீண்டும் இயக்கினார். முதல் படத்தில் அதிர்ச்சியில் உறைந்துபோகும் பார்பரா, இதில் துப்பாக்கி ஏந்திப் போராடுகிறாள். மூலத்தின் அச்சத்தை இப்படம் எட்டியது என்று சொல்லமாட்டேன். ஆனால் பின்னோன் வேண்டிய வேறுபாடு கதைக்குள்ளிருந்தே பிறந்தது. அதனால் அதற்கு வழிநூல் என்ற தகுதி உண்டு.

பணம் வந்தபின் ஒரு கதையை மறுபடி எடுப்பவர், பூட்டிய அறையைத் திறந்து காட்டவே விரும்புகிறார். திறப்பதற்குக் காசு இருந்தும் அதைத் திறக்காமல் விடுபவர் கையில்தான், மறுவாக்கம் மூலத்துக்கு அருகில் வரக்கூடும்.