திருக்கேதாரமும் ஐந்து பிரயாகைகளும்

இமயமலையின் நடுக்கூற்றிலே, புராணங்களாற் கேதார கண்டம் எனப் போற்றப்படும் பகுதி, இந்நாளில் உத்தராகண்ட மாநிலத்துக் கர்வால் என வழங்குகின்றது. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பதிகம் அருளிய திருக்கேதாரம் இங்குள்ளது. சம்பந்தர் திருக்காளத்தியிலிருந்தே இதனைப் பாடியருளினர் என்பது பெரியபுராண வரலாறு.

கங்கை ஓர் ஊற்றிற் பிறந்து ஒரு பெயருடன் ஒழுகுவது எனப் பலரும் கருதுவர். அஃது அன்று. பதரிநாதத்திற்கு மேலுள்ள பனியாறுகளில் தோன்றும் அலகநந்தை, விஷ்ணு பிரயாகையில் தௌலி கங்கையையும், நந்த பிரயாகையில் நந்தாகினியையும், கர்ண பிரயாகையில் பிண்டாரையும், உருத்திர பிரயாகையில் மந்தாகினியையும் ஏற்றுக்கொள்கின்றது. பின்னர்த் தேவ பிரயாகையில், கோமுகத்தினின்று இழிந்துவரும் பாகீரதியோடு கலக்கின்றது. அதற்குப் பின்னரே கங்கை என்னும் பெயர் அமைகின்றது. பல நதிகள் தத்தம் பெயரை இழந்து ஒன்றாதலே கங்கையின் பிறப்பாகும்.

இவற்றுள் மந்தாகினி, கேதாரநாதர் திருக்கோயிலுக்கு மேலுள்ள சோராபாரிப் பனியாற்றில் தோன்றுவது. கோயில் ஏறக்குறைய 3,580 மீட்டர் உயரத்தில் உள்ளது. தீபாவளியை அடுத்துத் திருக்கதவம் அடைக்கப்பெறும்; பனிக்காலம் முழுவதும் உற்சவ மூர்த்திக்கு உகிமடத்திலே வழிபாடு நிகழும். மாந்தர் விலகி நிற்க, மலை தனித்திருக்கும் காலம் அது.

2013 ஆம் ஆண்டு ஜூன் 16, 17 ஆகிய நாட்களிற் பெருமழை பெய்தது. 17 ஆம் நாட் காலையிற் சோராபாரி ஏரியின் கரை உடைந்து, நீரும் கல்லும் கேதாரத்தின்மேற் பாய்ந்தன. அப்பகுதியெங்கும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆற்றை நெருக்கி எழுந்த விடுதிகள் அழிந்தன. உருண்டுவந்த பெரும்பாறை ஒன்று கோயிலின் பின்புறத்தே தங்கி வெள்ளத்தைப் பிளந்தது, கோயில் நிலைத்தது.

அதனைத் திருவருள் என்று அடியார்கள் கைகூப்பினர்; தக்கதே. ஆயினும், கோயில் நின்றதை மட்டும் நினைந்து, மாண்டோரை மறத்தல் சைவ அன்பு ஆகாது. பகீரதன் தவத்தால் இறங்கிய கங்கையின் வேகத்தைப் பெருமான் சடையில் தாங்கிச் சிறிதாக விடுத்தனர் என்பது புராணம். அம்மலையிற் பனியும் காடும் செய்துவரும் தொழிலும் அதுவே. காட்டை அழித்து, ஆற்றின் வழியை அடைத்துக் கட்டுவோர், அச்சடையை அவிழ்ப்போரை ஒப்பர். தீர்த்தத்தில் மூழ்குதல் எளிது. தீர்த்தம் செல்லும் வழியை விட்டு விலகி நிற்றலும் வழிபாடே. அவ்வறிவு பெற்று அடியார் உய்க.