வெயில் மின்னலான வழி

ஐப்பசி மத்தியான வெயில் இரணைமடுக் குளத்து நீரை ஆவியாக்கி மேலே அனுப்புகிறது. பின்னேரம் கிளிநொச்சி வயல்களுக்கு மேல் மேகம் கறுக்கும். உள்ளே, பூச்சியத்துக்குக் கீழே 10, 20 பாகைக் குளிரில், அந்த ஆவி பனிப்படிகமாகவும் சிறு ஆலங்கட்டியாகவும் உறைந்து மோதிக்கொள்கிறது. மோதலில் ஏற்றம் கைமாறுகிறது. உலர்ந்த தலைமயிரை வாரிய சீப்பு கடதாசித் துண்டை இழுக்குமே, அதே நிலைமின்தான்.

பாரமான ஆலங்கட்டி மறை ஏற்றத்தோடு கீழே தங்குகிறது. இலேசான படிகத்தை நேர் ஏற்றத்தோடு காற்று மேலே தூக்கிப் போகிறது. ஒன்றையொன்று இழுக்கிற இரண்டையும் வலிந்து பிரித்த வேலைதான் அழுத்தசக்தியாக மேகத்தில் சேர்கிறது. குளத்து நீருக்கு வயலைவிட உயரத்தில் நிற்பதால் வருகிற பலத்தைப் போன்றது இது. இன்னும் துருசு திறக்கவில்லை, அவ்வளவுதான்.

சேர்ந்த ஏற்றம் அதிகமென்று நினைக்கவேண்டாம். ஒரு மின்னல் நிலத்துக்குக் கொண்டுவருவது சுமார் 15 கூலோம். 5 அம்பியர் மணி மோட்டார் சைக்கிள் பற்றறி 18,000 கூலோமை ஓடவிடும். ஆனால் பற்றறியின் அழுத்த வித்தியாசம் 12 வோல்ற். மேகத்துக்கும் நிலத்துக்கும் இடையிலோ சில கோடி வோல்ற், சிலவேளை பத்துக் கோடி. பயங்கரம் அந்த உயரத்தில் இருக்கிறது.

மின்னல் ஏறக்குறைய ஐம்பது மீற்றர்ப் படிகளாக இறங்கிவருகிறது. வெளியில் தனித்து நிற்கும் பனையிலிருந்து ஒரு பொறி எதிரே எழுந்து அதைத் தொட்டதும் பாதை முழுக்க 30,000 பாகையில் வெளுக்கிறது. மரத்துச் சாறு நொடியில் ஆவியாகித் தண்டைப் பிளக்கும். பனைக்கு ஒரே குருத்து. அது கருகினால் மரம் முடிந்தது. ஷெல்லடியில் வட்டிழந்து மொட்டையாக நின்ற பனைகளைக் கண்ட வன்னிச் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஏற்றம் வேரோடு நிற்பதில்லை, ஈரமண்ணில் வட்டமாகப் பரவுகிறது. மரத்துக்குக் கிட்ட அழுத்தம் கூட, தள்ளிப்போகக் குறைவு. பக்கத்தில் நிற்கும் மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே ஒன்றரை மீற்றர். அந்த இடைவெளியிலேயே ஆயிரக்கணக்கான வோல்ற் வித்தியாசம் விழும். மின் ஒரு காலால் ஏறி, நெஞ்சைக் கடந்து மறுகாலால் இறங்குகிறது. மரத்தடியில் ஒதுங்கிய பட்டி, ஒரு மாட்டிலும் மின்னல் நேரே படாமல், சேர்ந்து விழுவது இதனால்தான். மேய்ப்பவரும் அதே மண்ணில்தான் நிற்கிறார். முதல் முழக்கம் கேட்டதுமே அவர் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.