கபிலனின் மறுவருகை: 'சார்பட்டா பரம்பரை'யின் பிற்பாதி குறித்து ஒரு மறுப்பு

வடசென்னைக் குத்துச்சண்டையைப் பற்றிய படமான பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) குறித்துப் பேசுவோரிடையே ஒரு வாசிப்பு ஏறத்தாழ முடிந்த முடிவாக நிலவுகிறது. நாயகனான குத்துச்சண்டை வீரன் கபிலன் குடியால் கெடுகிறான். பிறகு குடியை விட்டுத் தொப்பையைக் கரைத்து, மன உறுதியால் மீண்டும் மேடையேறுகிறான். ஆகவே பிற்பாதி வெறும் ஒழுக்கக் கதை என்பதே அது. இந்த வாசிப்பு வீழ்ச்சியையும் மீட்சியையும் ஒருசேரப் பிழையாகப் புரிந்துகொள்கிறது என்பது என் வாதம்.

முதலில் வீழ்ச்சி. படத்தின் நிகழ்வு வரிசையைப் பார்த்தாலே போதும். போட்டி கலவரத்தில் குலைகிறது. அவசரநிலை அவனது பயிற்சியாளரான ரங்கன் வாத்தியாரைச் சிறைக்கு அனுப்புகிறது. கபிலனும் சிறை செல்கிறான். சாராயம் அதற்குப் பிறகே வருகிறது. அதுவும் குடிப்பதற்கு மட்டுமல்ல, பிழைப்பதற்கும். அந்தச் சாராயம் கள்ளச்சாராயம் என்பதை ஆய்வாளர்கள் கடந்துபோய்விடுகிறார்கள். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடப்புக்கு வந்தது. 1971இல் விலக்கிக்கொள்ளப்பட்ட அது, 1974இல் திரும்பவும் வந்தது. படம் காட்டும் எழுபதுகளின் பிற்பகுதியில் சாராயம் சட்டவிரோதச் சரக்கு. மேடையை இழந்தவனுக்கு எந்தத் தொழில் எஞ்சியது என்பதில் அரசின் கையும் உண்டு. இதைத் தனிமனித ஒழுக்கக்கேடு என்று சுருக்க முடியாது.

அடுத்து மீட்சி. உடல் இளைத்ததே மீட்சி என்ற கருத்தை விளையாட்டின் வரலாறு ஏற்கவில்லை. 1979இல் ஓய்வை அறிவித்திருந்த முகமது அலி, 1980 தொடக்கத்தில் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அதே ஆண்டு அக்டோபரில் லேரி ஹோம்ஸை எதிர்த்து அவர் இறங்கியபோது வயது 38. தைராய்டு மருந்தின் துணையோடு இளைத்த உடல், பார்வைக்குப் பழைய அலியாகவே இருந்தது. பத்துச் சுற்றுகளோடு அவரது பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். மாறாக, 1977இல் விலகிப் பத்தாண்டு கழித்துத் திரும்பிய ஜார்ஜ் ஃபோர்மன், 1994இல் தம் 45ஆம் வயதில் மைக்கேல் மூரரைப் பத்தாம் சுற்றில் வீழ்த்தினார். இருபது ஆண்டுகளுக்கு முன் அலியிடம் தோற்றபோது இருந்ததைவிட அப்போது அவர் ஏறக்குறைய 30 பவுண்டு கூடுதல் எடை. மாறியிருந்தது ஆட்டம்: பாய்ந்து அடிப்பதை விட்டு, அடி வாங்கிக்கொண்டு காத்திருக்கப் பழகியிருந்தார்.

இந்த ஒளியில் பீடி ராயப்பன் வரும் பகுதியைப் பார்க்க வேண்டும். ராயப்பன் முன்னாள் குத்துச்சண்டைக்காரர், இப்போது மீனவர். கபிலன் தன் குத்துச்சண்டைக் குழுவான பரம்பரையின் பயிற்சிக் கூடத்துக்குத் திரும்பவில்லை, கடற்கரைக்குப் போகிறான். சிறுவயது முதல் சண்டைகளைப் பார்த்துப் பார்த்தே தேர்ந்தவன் அவன். ரங்கன் அவனுக்கு மெருகேற்றினார். இப்போதோ பெயர்பெற்ற வீரன் ஒருவன், மேடையை என்றோ விட்டுவிட்ட மனிதரிடம் புதிதாகக் கைகட்டி நிற்கிறான். அவனைத் தனி மனிதனின் உறுதி கொண்டுவரவில்லை. ராயப்பனிடம் அழைத்துப்போகும், 'டாடி' என்று அழைக்கப்படும் பெரியவரும், முன்பு தடுத்துப் பின்பு தூண்டும் தாய் பாக்கியமும், கற்றுத்தரும் ராயப்பனும் சேர்ந்தே கொண்டுவருகிறார்கள்.

பயிற்சிக் காட்சிகளில் கேமரா உடலை மொய்க்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், வெகுசனப் படத்துக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த உடல் யார் சொல்லுக்கு அசைகிறது என்பதையும் அதே கேமரா காட்டுகிறது. இது புனைவு, வடசென்னை வரலாற்றுக்குச் சான்றாகாது என்ற ஆட்சேபம் இங்கே பொருந்தாது. படத்தை ஆவணமாக யாரும் முன்வைக்கவில்லை.

ஆகவே, முற்பாதியின் அரசியல் பிற்பாதியில் நின்றுபோகிறது என்ற தீர்ப்பை ஏற்பதற்கில்லை. முற்பாதியில் மேடையைப் பறிப்பது அரசியல் என்றால், பிற்பாதியில் அதைத் திருப்பித் தருவது ஊரும் புதிய வாத்தியார் ராயப்பனும். கபிலனின் மறுவருகையைத் தனி ஒருவனின் வெற்றியாக எழுதுவதை நாம் நிறுத்திக்கொள்வது நல்லது.