'ஆசானை மாற்ற வேண்டும்': ஒரு சொல்லின் கால்பந்து வரலாறு

2024 டிசம்பர் 16 அன்று கேரளா பிளாஸ்டர்ஸ் கழகம் தன் தலைமைப் பயிற்சியாளர் மிகேல் ஸ்டாரேயை விடுவித்தது. சுவீடனிலிருந்து வந்த அவர் பொறுப்பேற்று ஏழு மாதங்களே ஆகியிருந்தன. அடுத்த சில நாட்கள் காரியவட்டம் பகுதித் தேநீர்க் கடைகளில் வேறு பேச்சில்லை. அடுத்தவர் ஐரோப்பியரா, இந்தியரா, மலையாளியா? இவான் திரும்பி வருவாரா? நான் கேட்டுக்கொண்டிருந்தது வாதங்களையல்ல, வாதங்களினூடே திரும்பத் திரும்ப வந்த ஒரு தொடரை: ஆசானை மாற்றியாயிற்று, இனி யார் ஆசான்?

மொழியியல் மாணவனுக்கு இத்தொடர் உறுத்தலானது. 'ஆசான்' என்பது மாற்றக்கூடிய பொருளைக் குறிக்கும் சொல்லாக இருந்ததில்லை. தொல்காப்பியத்தின் பாயிரம் அந்நூல் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதைச் சொல்கிறது. அந்த அதங்கோடு இன்றைய குமரி மாவட்டத்து ஊரே என்பது இப்பகுதியில் வழங்கும் மரபு. சொல்லை வடமொழி 'ஆசார்ய' என்பதோடு இணைப்போரும் உண்டு. தோற்றம் எதுவாயினும், தென் திருவிதாங்கூரில் தமிழும் மலையாளமும் பகிர்ந்துகொண்ட சொல் இது. களரியிலும், வர்ம வைத்தியத்திலும், எழுத்துப் பள்ளியிலும் ஆசான் இருந்தார். கவிஞர் குமாரனின் பெயரோடு ஒட்டி அவர் பெயராகவே ஆனது. இவற்றில் எங்கும் சீடன் ஆசானைத் தேடிச் செல்வானே தவிர, ஆசானுக்குப் பணிக்காலம் முடிவதில்லை.

ஆங்கிலச் சொற்களின் கதை வேறு. 'மேனேஜர்' குதிரையைப் பழக்குவதைக் குறித்த இத்தாலியச் சொல்லின் வழிவந்தது. 'கோச்' ஹங்கேரியின் கோச் என்னும் சிற்றூரில் செய்யப்பட்ட வண்டியின் பெயர். மாணவனைத் தேர்வில் கரைசேர்க்கும் ஆசிரியரை ஆக்ஸ்ஃபோர்டில் வேடிக்கையாக அப்படி அழைக்கத் தொடங்கினர். வண்டியை மாற்றுவதில் யாருக்கும் மனத்தடை இராது.

பிளாஸ்டர்ஸுக்கு முந்தைய கேரளக் கால்பந்தில் பயிற்சியாளர் யார் என்பது பெரும்பாலும் சங்கமோ துறையோ எடுத்த முடிவு. 1973இல் எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3-2 என வென்று கேரளம் முதன்முறை சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியபோது மூன்று கோல்களும் தலைவர் மணியுடையவை. பயிற்றுவித்தவர் சைமன் சுந்தரராஜ் என்னும் தமிழர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக அவர் அடித்ததுதான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல். (தமிழ்நாட்டில் இப்பெயரை அறிந்தோர் எத்தனை பேர் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.) 1990இல் கேரள போலீஸ் அணி ஃபெடரேஷன் கோப்பையை வென்றபோது டி.கே. சாத்துண்ணி பயிற்சியாளர். இவர்களை நியமித்ததில் பார்வையாளருக்குப் பங்கில்லை. பங்கு வேண்டும் என்ற எண்ணமும் பரவலாக இருந்ததாகத் தெரியவில்லை.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் வந்ததும் நிலை மாறியது. முதல் பருவத்தில் டேவிட் ஜேம்ஸ் கோல்காப்பாளரும் மேலாளருமாக அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுசென்றார். பின்னர் பீட்டர் டெய்லர், ஸ்டீவ் கொப்பல், ரெனே மியூலன்ஸ்டீன், மீண்டும் ஜேம்ஸ், நெலோ விங்காடா, எல்கோ ஸ்கட்டோரி, கிபு விகுனா. இவர்களில் எவரும் தொடர்ந்து இரண்டு முழுப் பருவங்கள் நீடிக்கவில்லை.

2021இல் வந்த செர்பியரான இவான் வுகோமனோவிச் மூன்று பருவங்கள் இருந்தார். மூன்றிலும் அணி பிளேஆஃப் சுற்றை எட்டியது. முதல் பருவத்தில் இறுதிப் போட்டியில் ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோற்றது. 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில் சுனில் சேத்ரி விரைந்து அடித்த ஃப்ரீ கிக் கோலை ஏற்காமல் அவர் வீரர்களை வெளியே அழைத்துவந்தார். விதிகளின்படி அது தவறு என்பதே என் கருத்து. கழகத்துக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் அவருக்குப் பத்து ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டன. ஆனால் ரசிகர் பார்வையில் அன்று அவர் ஊதியம் பெறும் அலுவலர் அல்லர். தன் பிள்ளைகளுக்காகக் களத்தைத் துறந்தவர். தடை முடிந்து அக்டோபர் 27 அன்று ஒடிசாவுக்கு எதிராகக் கொச்சியில் அவர் திரும்பியபோது அரங்கம் அளித்த வரவேற்பு களரி மரபுக்கு உரியது.

2024 ஏப்ரலில் அவர் விலகினார். சொல் அவரோடு போகவில்லை. ஸ்டாரே வந்தவுடன் 'புதிய ஆசான்' ஆனார். ஈட்டிப் பெறும் பட்டம் இருக்கையின் பெயராகிவிட்டது. மொழி வரலாற்றில் இது அரிதன்று, 'மாஸ்டர்' என்பதும் அப்படித் தேய்ந்ததுதான். ஆனால் இங்கே பழைய பொருள் முழுக்க இறக்கவில்லை. அதனால்தான் தேநீர்க் கடை வாதம் அவ்வளவு சூடாகிறது: ஒருவர் வண்டி கேட்கிறார், எதிரே இருப்பவர் குரு கேட்கிறார், இருவரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள்.

இதில் மறைந்துபோகும் கேள்வி ஒன்றுண்டு. இங்கிலாந்துப் பழைய வழக்கில் மேலாளரே வீரர்களைத் தேர்ந்தார். இங்கே தலைமைப் பயிற்சியாளர் பயிற்றுவிக்கிறார். வீரர் தேர்வில் 2020 முதல் விளையாட்டு இயக்குநர் கரோலிஸ் ஸ்கின்கிஸின் கை பெரிது, பணம் உரிமையாளருடையது. 'யார் ஆசான்' என்று கேட்கும்வரை அவ்விருவரும் வாதத்துக்கு வெளியே பாதுகாப்பாக இருக்கிறார்கள். அந்த டிசம்பரில் மஞ்ஞப்பட என்னும் ரசிகர் அமைப்பு பயிற்சியாளரை விட்டு நிர்வாகத்துக்கு எதிராகப் போராட்டம் அறிவித்ததை நான் முக்கியமாகக் கருதுவது இதனால்தான்.

இடைக்காலப் பொறுப்பை மலையாளியான டி.ஜி. புருஷோத்தமன் ஏற்றார். முதல் ஆட்டத்தில் மொகமதன் அணியை 3-0 என வென்றார். 2025 மார்ச்சில் ஸ்பெயினின் டேவிட் கட்டாலா அறிவிக்கப்பட்டார். அன்று மாலை அதே கடையில் முதல் கேள்வி: புதிய ஆசான் எப்படி?